பெரியோர் எதைக் கண்டு நகைக்கின்றனர்?

நகைச்சுவையைச் சிறுபிள்ளைகளின் பங்காக ஒதுக்கிவிட்டு, முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வதே பெரியதனம் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது முதலில் வைத்தது நகையைத்தான். அது பிறக்கும் இடங்களையும் நான்காகப் பகுத்தார். பிறரை இகழும் எள்ளல் ஒன்று. குழந்தைமையால் விளையும் இளமை மற்றொன்று. பேதைமையும் மடனும் ஏனைய இரண்டு. எள்ளலும் இளமையும் அருகருகே நிற்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் எழும் சிரிப்பொலி ஒன்றுபோலவே இருக்கும். சிரித்தவனுடைய உள்ளம் மட்டும் ஒன்றன்று.

அபூதாவூத் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. சிறு வயதினரான அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியாற் செய்த சிறகுகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வியந்து வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைத் தாங்கள் கேள்வியுற்றதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு அண்ணலார் சிரித்தார்கள் என்று அச்செய்தி முடிகிறது. இங்கே நகைக்கப்பட்டது பொம்மையா? அன்று, அந்த மறுமொழிதான். பெரியவரின் கேள்வியைப் பிள்ளையின் வாதம் வென்றுவிட்டது. தோற்றவர் அந்தத் தோல்வியில் மகிழ்ந்தார்.

பிள்ளைகளுக்கென்று எடுக்கப்பட்டுப் பெரியவர்களையும் இருந்த இடத்தில் இருத்திவிடும் கார்ட்டூன் படங்களை நாம் இந்தச் செய்தியின் வெளிச்சத்திலேயே பார்க்க விழைகிறோம். (உருவம் வரைதல் பற்றிய மஸ்அலாவில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு, அதனை ஃபத்வா வழங்கும் தகுதியுடையோரிடம் விட்டுவிடுகிறோம்.) கைபேசி வழியாக இன்று நம் வீடுகளுக்குள் வந்துவிட்டவற்றுள் மலேசியாவின் ‘உப்பின் இப்பின்’ ஒன்று. பெற்றோரை இழந்து, பாட்டியாரிடமும் அக்காளிடமும் வளரும் ஐந்து வயது இரட்டையரின் கதை அது. 2007ஆம் ஆண்டு ரமளானில், நோன்பின் பொருளைப் பிள்ளைகளுக்கு உணர்த்தும் நோக்குடன் ஆறு சிறு பகுதிகளாகத் தொடங்கிற்று. 2009 பிப்ரவரியில் இதே இரட்டையர் இடம்பெறும் ‘கெங்’ என்ற முழுநீளப் படம் வெளிவந்தது. கணினியில் முப்பரிமாணமாக அந்நாட்டில் உருவான முதல் முழுநீளப் படம் அது. 2019இல் மற்றொரு படமும் வந்தது.

பொரித்த கோழியின்மீது தீராத ஆசை கொண்ட சிறுவனுக்கு நோன்பைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள்? அவனுடைய பசி அவர்களுக்குத் தெரியும். நாம் ஏன் சிரிக்கிறோம்? அந்தப் பசியை மறைக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். இரட்டையரின் தோழன் மெயில் எதைக் கண்டாலும் ஒரு ரிங்கிட்டுக்கு இரண்டு என்று கூவி விற்கப் புகுவான். படவேட்டில் தறியிலிருந்து சேலையை இறக்கிக்கொண்டு ஆரணிக்குச் சென்று விலை பேசித் திரும்பும் நெசவாளர் அதைப் பார்த்து நகைப்பதும், அவர் மகன் நகைப்பதும் ஒரே இடத்தில்தான். தந்தையின் சிரிப்பில் சற்றுக் கசப்பும் கலந்திருக்கும்.

இத்தகைய படத்தில் ஓர் அறக்கேள்வி மற்ற படங்களைவிடக் கூர்மை பெறுகிறது. நடிகர் நடிக்கும் படத்தில் ஒரு பார்வையோ சொல்லோ தற்செயலாக வந்துவிடலாம். கார்ட்டூனில் அதற்கு இடமே இல்லை. ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. புருவம் உயர்வதையும் ஒருவன் முடிவு செய்து அமைத்தாக வேண்டும். பட்டுத் தறியை அறிந்த நம்மூராருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கட்டம் போட்ட தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டு ஏற்றாத அன்னப்பறவை முந்தானையில் தானாக வந்து அமராது. ஆகவே இங்கே எள்ளல் இருக்குமாயின் அது நாக்குத் தவறியதன்று, நிய்யத்துடன் செய்தது.

இந்தக் கண்ணோடு ‘கெங்’ படத்தின் ராஜுவை நோக்கினோம். அவன் இந்திய வழிவந்த சிறுவன். விலங்குகளோடு பேசும் ஆற்றல் உடையவன். அந்நாட்டில் நம் சமயத்தார் பெரும்பான்மையினர், ராஜுவின் மக்கள் சிறுபான்மையினர். இங்கோ நிலைமை வேறு. நம் பேச்சையும் தொப்பியையும் திரையில் வேடிக்கைப் பொருளாக்கிய காட்சிகளைக் கண்டு கூசியவர்கள் நாம். ராஜுவின் பொருட்டும் அதே கூச்சத்தோடு பார்ப்பது நம் கடமை. அவனுடைய பிறப்பை வைத்து அப்படம் சிரிப்பு மூட்டவில்லை என்பதே நம் கணிப்பு. அவன் உதவி இன்றியமையாதது. தோழர்கள் அவனை நம்புகின்றனர். ஆயினும் தமிழ்ப்பிள்ளை என்றதும் காட்டையும் விலங்கையும் அவனுக்குப் பங்கிட்டுக் கொடுத்ததில் ஒரு பழைய பார்வை ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்ற ஐயம் நமக்கு முற்றிலும் நீங்கவில்லை.

வேறொரு வகையும் உண்டு. பாகிஸ்தானில் 2018ஆம் ஆண்டு வெளியான ‘டாங்கி கிங்’ என்னும் படத்தில் வண்ணானின் தொழில் செய்யும் கழுதை காட்டுக்கு அரசனாக்கப்படுகிறது. பிள்ளைகள் கழுதையைக் கண்டு சிரிக்க, பெரியவர்கள் நாட்டு அரசியலை எண்ணிச் சிரிக்கின்றனர். இது மாடி வீடு போன்றது; கீழ்த்தளத்தில் ஒரு சிரிப்பு, மேல்தளத்தில் ஒரு சிரிப்பு. புதிய தந்திரமும் அன்று. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ, பஞ்சதந்திரத்தின் பஹ்லவி வடிவிலிருந்து ‘கலீலா வ திம்னா’வை அரபியாக்கியபோதே, விலங்குகளின் பேச்சு இளையோரை ஈர்க்கும் என்றும், உள்ளே இருப்பது அறிவுடையோர்க்கு உரியது என்றும் முன்னுரையில் உணர்த்தியுள்ளார். அரசனிடம் நேரே கூற முடியாததை நரியின் வாயால் கூறுவது அக்காலத்தில் உயிர் காக்கும் வழியுமாகும். அதனை நாம் குறை கூறோம்.

ஆனால் எல்லா மேல்தளமும் இத்தகையதன்று. பிள்ளையின் தலைக்கு மேலே ஆபாசத்தையோ, ஒரு சாதியையோ, கறுத்த மேனியையோ பற்றிய நையாண்டியைக் கடத்திவிடும் படங்களும் குடும்பப்படம் என்ற பெயரிலேயே வருகின்றன. பக்கத்தில் அமர்ந்த பிள்ளை அந்நையாண்டியை அறியாதுதான். நம் சிரிப்பை அறியும். எதற்குச் சிரித்தீர்கள் அத்தா என்று கேட்கும். கழுதை அரசனின் கதையில் அதற்கு விடை சொல்ல முடியும். சொன்னால் பிள்ளைக்கு உலக அறிவு சற்று வளரும். இந்த இரண்டாம் வகையில் ஒன்றுமில்லை என்று மழுப்புவதைத் தவிர வழியில்லை. தந்தை ஒருவர் தம் மகனிடம் சொல்லக் கூசும் ஒன்றை அவன் அருகிலிருந்தே சுவைத்தார் என்பதே அந்த மழுப்பலின் பொருள்.

தமிழில் இத்துறை வறிதே கிடக்கிறது. மலேசிய இரட்டையர் தோன்றிய அதே 2007ஆம் ஆண்டில்தான் இளையராஜாவின் இசையுடன் ‘இனிமே நாங்கதான்’ என்னும் முப்பரிமாணக் கார்ட்டூன் படம் தமிழில் வந்தது. 2014இல் ‘கோச்சடையான்’ வந்தது. அங்கே உழைப்பெல்லாம் ஒரு பெரிய நடிகரின் முகத்தைக் கணினியில் மீட்டுத் தருவதற்கே சென்றது. ஒரு தமிழ்த் தெருவை, ஒரு பாட்டியை, ஒரு நோன்பு மாலையை யாரேனும் இப்படி வரைந்தால் என்ன? பள்ளிவாசல் முற்றத்தில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியுடன் வரிசையில் நிற்கும் சிறுவன், தன் முறை வருமுன்பே கஞ்சி வந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்ப்பான். திறந்து மூடும் அந்த இரண்டு நொடிக்கு 48 படங்கள் வேண்டும்.