மறைந்திருப்பவனின் பொறுப்பு

வேலணையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் நண்பர். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கும் அப்படித்தான். பறவைகளைப் படமெடுப்பது அவருடைய பிற்காலத்து ஆசை. சில காலத்துக்கு முன், மாரி தொடங்குமுன்னர், சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய மறைவிடம் ஒன்று வாங்க விரும்பினார். நான் தையற்காரரின் மகன், துணியோடு வளர்ந்தவன். அதனால், "தம்பி, எந்தத் துணி நல்லதெண்டு நீர்தான் சொல்லவேணும்" என்று என்னிடம் வந்தார். துணியைப் பற்றிய கேள்வியாகத்தான் அது தொடங்கியது.

மேலைநாடுகளில் வேட்டைக்காரர்கள் தரையில் விரித்து உள்ளே ஒளிந்திருப்பதற்காகச் செய்யப்படும் சிறு கூடாரங்கள் இவை. வளைகம்பிகள் பொருத்தியவை, விரித்ததும் நிமிர்ந்து நிற்கும். துணியில் காட்டு இலைகளும் மரப்பட்டையும் அச்சிடப்பட்டிருக்கும். தீவகத்துக் களப்புக் கரைக்கு அந்தப் பச்சைக் கோலம் ஆகாது. இங்கே கண்ணுக்கு எட்டியவரை சாம்பல்நிறச் சேறும், காய்ந்த புல்லும், உப்புப் பூத்த வெளியுமே உண்டு. ஆளுயரக் கூடாரத்தை அதில் நட்டால் தேர்முட்டி போலத் தனித்துத் தெரியும். பளபளக்கும் நைலோன் வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். தளர்வான துணியென்றால் வாடைக்காற்றில் படபடக்கும். பறவை உருவத்துக்கு அஞ்சுவதைவிட அசைவுக்கே அதிகம் அஞ்சும். மணலில் முளை பிடிக்காது. உரப்பைகளில் மண் நிரப்பிக் கால்களில் வைக்கவேண்டும். உட்புறம் கறுப்பாக இருக்கவேண்டும். முன்சாளரத்தையும் பின்சாளரத்தையும் ஒருசேரத் திறந்தால் உள்ளே இருப்பவரின் நிழலுரு வெளியே தெரிந்துவிடும். நெடுந்தீவென்றால் இந்தக் கவலையே இல்லை. சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களே போதும்.

இவ்வளவும் கைத்தொழில் சார்ந்த விடயங்கள். மாஸ்டர் வாசித்து அறிந்துவந்த இன்னொரு உபாயம்தான் என்னைச் சற்று நிறுத்தியது. கூடாரத்துக்குள் இருவர் நுழைய வேண்டுமாம். சிறிது நேரத்தில் ஒருவர் வெளியே வந்து, பறவைகள் பார்க்கத்தக்கதாக நடந்து போய்விட வேண்டுமாம். பறவைகள் ஆட்களை எண்ணிக் கணக்கு வைப்பதில்லை என்பது அந்த உபாயத்தின் நம்பிக்கை. வந்தவன் போய்விட்டான் என்று நம்பி அவை அமைதியடையும். நடந்து போகும் அந்த ஒருவனாக இருக்கத்தான் என்னை அழைத்தார். நானும் போனேன். திரும்பிப் பார்க்காமல் வரம்போரமாக நடந்தபோது, ஒரு பொய்யைக் காலால் சொல்லிக்கொண்டு போவதாகத் தோன்றியது.

வேட்டையில் வஞ்சகம் புதியதல்ல. கொலனித்துவச் செயலாளராக இலங்கையில் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியான தமது இயற்கை வரலாற்று நூலில், இந்நாட்டின் வடபகுதியில் எருமைகளைப் பழக்கி வேட்டைக்குப் பயன்படுத்தியதை விவரித்திருக்கிறார். உப்புச் சதுப்புகளில் எருமை மேய்வது நீர்ப்பறவைகளுக்குப் பழகிய காட்சி. அதன் உடலுக்குப் பின்னால் துப்பாக்கிக்காரன் ஒளிந்து நகர்வான். எருமை மேய்ந்தபடி பறவைக் கூட்டத்தின் நடுவுக்கே அவனைக் கொண்டுசேர்க்கும். அன்றைய நடமாடும் மறைவிடம் அதுதான். அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகளின் பின் இங்கிலாந்தில் கீர்ட்டன் சகோதரர்கள் எருதொன்றின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே கோதாக்கி, அதற்குள் கமெராவுடன் நின்று பறவைகளைப் படமெடுத்தார்கள். வடபகுதி எருமை உயிருள்ளது, ஆங்கிலேயரின் எருது செத்தது. ஒன்றின் பின்னால் துப்பாக்கி, மற்றதன் உள்ளே கமெரா. பறவையின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. தான் நம்பிய ஓர் உருவத்துக்குள்ளிருந்து அந்நியக் கண்ணொன்று அதைப் பார்க்கிறது.

அதே டெனன்ட் பணிக்கர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். யானை பிடிப்பதில் பேரெடுத்த நமது முஸ்லிம் முன்னோர் அவர்கள். தோற்கயிற்றோடு இருவர் சென்று, யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தில் பிணைத்துவிடும் வல்லமை அவர்களுக்கு இருந்தது. அவர்களும் பதுங்கித்தான் போனார்கள். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. யானை திரும்பினால் பணிக்கரின் கதை முடிந்தது. அவர் தம் உயிரையும் தராசின் மறுதட்டில் வைத்தே போனார். எருமையின் பின்னால் நின்றவன் எதை வைத்தான்? குறி தப்பினால் ஒரு தோட்டா நட்டம், அவ்வளவுதான்.

"இப்ப ஆர் சுடுறது? நான் படந்தானே எடுக்கிறன்" என்றார் மாஸ்டர். உண்மைதான். 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதன் பின்னைய திருத்தங்களும் பெரும்பாலான காட்டுப் பறவைகளைக் கொல்வதைக் குற்றமாக்கியுள்ளன. ஆனால் துப்பாக்கி இருந்த இடத்தில் கமெரா வந்துவிட்டதாலேயே மறைந்திருப்பவன் நிரபராதியாகிவிடுவானா? வெட்டவெளி மண்ணில் சிறு குழியில் முட்டையிடும் உப்புக்கொத்தியை எடுத்துக்கொள்வோம். அருகில் கூடாரத்தைக் கண்டு தாய் எழுந்து போய்விட்டால், நண்பகல் வெயில் முட்டையைச் சுட்டுவிடும். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறந்து வந்து இளைத்த தாராக்களை ஒரு படத்துக்காகக் கிளப்பினால், அவை தின்று சேர்த்த வலுவை நாம் செலவழிக்கிறோம். இரத்தம் சிந்தவில்லை என்பதால் சேதம் நமக்குத் தெரிவதில்லை. சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் மனிதன் தன்னை எளிதில் மன்னித்துவிடுகிறான்.

யாழ்ப்பாணத்தில் வேலிப் பொட்டு என்றொரு சொல் இருக்கிறது. கிடுகு வேலியில் விழுந்த துவாரம் அது. அடுத்த வீட்டுக் கோழியும் வரும், அடுத்த வீட்டுக் கதையும் வரும். அதற்குள்ளால் பார்ப்பதை எந்த ஊரும் மரியாதையாகக் கருதியதில்லை. கதவின் துளைவழியே எட்டிப்பார்த்த ஒருவரைக் கண்டித்து, அனுமதி கேட்கும் ஒழுங்கு பார்வையின் பொருட்டே ஏற்பட்டது என்று விளக்கிய நபிமொழியை நாம் அறிவோம். பறவைக்குக் கதவில்லை, அதனிடம் அனுமதி கேட்கவும் வழியில்லை என்பது சரிதான். ஆனால் மறுக்க முடியாத ஒன்றிடம் நாம் அதிகம் எடுத்துக்கொள்ளலாம் என்றா அதற்குப் பொருள்? மறுக்க முடியாதது என்பதனாலேயே அதனிடம் குறைவாக எடுக்கவேண்டும் என்றல்லவா நியாயம் சொல்கிறது?

கூடாரத்தின் கால்களில் மண்பைகளை அடுக்கிய அந்தக் காலையை நான் சொல்லியாக வேண்டும். நான்கு உரப்பைகள், நடுவே துணியில் ஒரு நீண்ட வெடிப்பு, அதற்குள் இருள். வெளியே நின்று அதைப் பார்த்தபோது என் வயிறு ஒருமுறை சுருண்டது. போர்க்காலத்தில் வடக்கின் வீதிகளில் நடந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மண்மூட்டைகளுக்கு இடையிலுள்ள அந்த வெடிப்புக்குள் ஒரு சென்றி இருப்பான். அவன் நம்மைப் பார்ப்பான், நாம் அவனைப் பார்க்க முடியாது. நம் நடை, நம் கையிலுள்ள பை, நாம் தயங்கிய கணம், எல்லாம் அவன் கணக்கில் சேரும். அந்தக் கணக்கை நாம் ஒருபோதும் காணமாட்டோம்.

ஆனால் அதே காலத்தில் நாங்களும் ஒளிந்திருந்தோம். சோனகத் தெருவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் பனங்குற்றிகள் போட்டு மண்ணால் மூடிய பங்கர் இருந்தது. விமான இரைச்சல் கேட்டால் உம்மா எங்களை உள்ளே தள்ளுவார். அந்த இருளில் நாங்கள் யாரையும் பார்க்கவில்லை. எங்களை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மட்டுமே வேண்டிக்கொண்டோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது பங்கர் அப்படியே இருந்தது. ஒளிவதற்குத்தான் எங்களுக்கு ஊர் இருக்கவில்லை.

ஆக மறைவில் இரண்டு வகை உண்டு. வலியவனிடமிருந்து எளியதை மறைப்பது ஒன்று. எளியதிடமிருந்து வலியவனை மறைப்பது மற்றொன்று. முதலாவது அடைக்கலம். புதருக்குள் பதுங்கும் முயலுக்கும் பங்கருக்குள் கிடந்த பிள்ளைகளுக்கும் எவரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். இரண்டாவது அதிகாரம், அதற்குக் கணக்கு உண்டு. மாஸ்டரின் கூடாரம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அவர் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் வெளியில நிண்டா அதுகள் பறந்திடும். ஒளிச்சிருந்தா நிம்மதியா மேயும். அப்ப ஒளிக்கிறது அதுகளுக்கும் நல்லதுதானே?" என்றார். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறைவு சில வேளைகளில் ஒரு மரியாதையாகவும் அமையலாம். உறங்கும் குழந்தையின் அறையில் நாம் மெல்ல நடப்பதைப் போன்றது அது. நம் இருப்பின் பாரத்தை அடுத்த உயிரின்மேல் ஏற்றாதிருத்தல். ஆனால் அந்த மரியாதைக்காகத்தான் ஒளிகிறோமா, இன்னும் நான்கடி நெருங்குவதற்காக ஒளிகிறோமா என்பதைக் கூடாரத்துக்குள் இருப்பவர் மட்டுமே அறிவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே துணிதான்.

இங்கேதான் அல்-மாஇதா அத்தியாயத்தின் 94ஆம் வசனம் எனக்கு நினைவுவந்தது. இஹ்ராம் நிலையில் வேட்டை தடுக்கப்படும் சந்தர்ப்பத்தில் வருவது அது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகள் வருவது ஒரு சோதனை என்றும், மறைவில் இறைவனை அஞ்சுபவர் யார் என்பது அதனால் வெளிப்படும் என்றும் அதன் கருத்து அமைகிறது. பிராணி தொலைவில் இருக்கும்போது கட்டுப்பாடு பெரிய விடயமல்ல. கைக்கெட்டும்போதுதான் அது சோதனை. எவரும் பார்க்காதபோது மேலும் கடினமான சோதனை. பறவையும் பார்க்காத, ஊரும் பார்க்காத, சட்டமும் பார்க்காத இருளுக்குள் வேண்டுமென்றே போய் உட்காருபவன், அந்தச் சோதனைக் கூடத்தைத் தானே முதுகில் சுமந்து செல்கிறான்.

கடைசியில் கடைக்கூடாரம் வாங்கவில்லை. மங்கிய சாம்பல்நிறப் பருத்தித் துணியில் நானே ஒன்று தைத்துக் கொடுத்தேன். உட்கார மட்டும் உயரம்; முன்னால் ஒரே சாளரம். மாஸ்டர் தமக்கென்று சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டார். முட்டையிடும் காலத்தில் கூடாரம் விரிப்பதில்லை. பறவை மேய்ச்சலை விட்டுத் தலைதூக்கினால் அதற்கு மேல் நெருங்குவதில்லை. பறவைகள் தாமாக விலகும்வரை வெளியே வருவதில்லை. அல்லது நான் தூரத்திலிருந்து மெதுவாக நடந்துவந்து அவை விலகிய பின்னரே அவர் எழுவார். போவதாகக் காட்டி ஏமாற்ற உதவிய என் கால்கள், வருவதாக அறிவிக்கவும் உதவுகின்றன.

இந்த மாரியில் ஒருநாள் பூநாரைகள் சேற்றோரம் வந்து நின்றன. இரண்டு மணித்தியாலங்களின் பின் மாஸ்டரைக் கூட்டிவரப் போனேன். எத்தனை படம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். கமெராவின் சத்தத்துக்கு முதல் பறவை தலைதூக்கியதாம். அதற்குப் பிறகு அவர் அழுத்தவில்லையாம். இதை அவர் சொல்லித்தான் நான் அறிவேன். அவர் அழுத்தாமல் இருந்ததைக் கண்ட வேறு மனிதர் எவரும் அங்கே இருக்கவில்லை.