பத்துப் பேர்

யூதர்கள் தனியாக எப்போது வேண்டுமானாலும் இறைவனை வேண்டலாம். ஆனால் சில வேண்டுதல்களுக்குப் பத்துப் பேர் கூட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். பழைய முறைப்படி, பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். வந்த ஒன்பது பேரும் மகா ஞானிகள் என்றாலும் போதாது.

இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் அப்படிப்பட்டது. பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த அந்த வேண்டுதலில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. இறைவனைப் போற்றுவதுதான் பெரும்பகுதியும். பறிகொடுத்தவர் எழுந்து நின்று சொல்ல, மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். துக்கப்படுகிறவரைத் தனியே விடக்கூடாது என்பதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள் போலும்.

*

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. பலியிடுதல் அத்தோடு நின்றது. முற்றுகையின்போதே யோகனான் பென் சக்காய் என்ற குருவைச் சீடர்கள் சவப்பெட்டியில் கிடத்தி, பிணம் என்று சொல்லி நகருக்கு வெளியே தூக்கிப் போனார்களாம். ரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் அவர் ஆலயத்தைக் கேட்கவில்லை. யாவ்னே என்ற ஊரையும் அங்குள்ள அறிஞர்களையும் விட்டுவைக்கச் சொன்னார். யூதர்களின் தல்மூது நூல் சொல்லும் கதை இது. நகரத்தையே கேட்டிருக்கக் கூடாதா என்று அவரைக் குறை சொன்ன குரலையும் அதே தல்மூது மறைக்காமல் பதிந்து வைத்திருக்கிறது.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

*

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது யூதர்களுக்கு சபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்குகிறது. வார்சாவில் பிறந்த ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1951இல் சபாத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். யூதர்கள் இடத்தில் அல்ல, காலத்தில்தான் கோயில் கட்டினார்கள் என்பது அதன் சாரம். காலத்தில் கட்டியதை எந்தப் படையாலும் இடிக்க முடியாது. ஆனால் வாரந்தோறும் யாராவது புதிதாகக் கட்டியாக வேண்டும்.

*

மலேசியாவின் பினாங்கிலும் பாக்தாத் வழி வந்த யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய தொழுகைக்கூடம் 1929இல் திறக்கப்பட்டது. இருந்தது, நம் நாகூரின் பெயர் தாங்கிய நாகூர் சாலையில். 1976இல் மூடினார்கள். யாரும் இடிக்கவில்லை, எரிக்கவில்லை. பத்துப் பேர் சேரவில்லை, அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. அங்குள்ள மிகப் பழைய கல்லில் 1835ஆம் ஆண்டும் ஷோஷன் லேவி என்ற பெண்ணின் பெயரும் உள்ளன. நூற்றுச் சொச்சம் கல்லறைகள். பலவும் கூரை வைத்த கல்பெட்டி போல, மேலே சரிந்து முனை கட்டியவை. வெளியே ஓடும் தெரு முன்பு யாஹூடி சாலை; இன்று ஜாலான் ஜைனல் அபிடின். பினாங்கின் கடைசி யூதர் என்று சொல்லப்படும் டேவிட் மொர்டெகாய் 2011இல் அங்கே அடக்கமானார்.

அந்த இடத்தைப் பல்லாண்டுகளாகக் கூட்டிப் பெருக்கிக் காத்து வந்தது நம் இந்து இந்தியக் குடும்பம் ஒன்று. மின்யானில் அவர்களை எண்ண மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் இல்லையென்றால் கற்களைப் புல் மூடியிருக்கும்.

*

மலேசியத் தமிழர்களான நம் பக்கம் பார்த்தால், பூச்சோங்கில் கின்ராரா ரப்பர் தோட்டமும் காசல்பீல்ட் தோட்டமும் வீடமைப்புத் தாமான்களாகி வெகுகாலம் ஆகிறது. பால்மரம் போயிற்று, லயம் போயிற்று. தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளிப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டங்கள் கைமாறும்போதெல்லாம் கோயில் நிலத்துக்காக மனு கொடுத்தோம், மறியல் செய்தோம். அதில் தவறில்லை, இடம் வேண்டும். யோகனானைக் குறை சொன்னவரும் அதைத்தானே சொன்னார்?

ஆனால் இடம் கிடைத்த பிறகு வரும் கேள்வியை, ஆலயத்தை விட்டு ஆட்களைக் கேட்ட யாவ்னே கதை எழுப்புகிறது. திருவிழாவுக்கு ஆயிரம் பேர் வருவோம். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில், சாவு வீட்டுக்காரர் ஒருவர் வந்து நிற்கும்போது, பக்கத்தில் நிற்கப் பத்துப் பேர் இருப்போமா? இருந்தால், கோயில் தகரக் கொட்டகையானாலும் அது கோயில்தான்.