இலையின் மெழுகும் நம் தராசும்



கேமரன் மலையில், 1929-ல் தொடங்கிய போ தோட்டம் முதலிய இடங்களில் தேயிலையின் முற்றிய இலையைத் தொட்டுப் பாருங்கள். பளபளக்கும். வல்ல அல்லாஹ் போர்த்திய மெழுகுப் போர்வை அது. மழை குறைந்து வெயில் வாட்டும் காலத்தில் இலை கூடுதலாக மெழுகைச் சுரந்து, உள்ளிருக்கும் நீரைக் காக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையோ அம்மெழுகைத் தேய்க்கிறது. தேய்ந்த இடத்தில் நீர் ஒட்டி நிற்கும். கொழுந்துக்கு மெழுகு குறைவு. அது ஆலையில் சீக்கிரம் வாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெழுகு தேயாத இலை தன் நீரைக் காக்கும். மேலே விழுந்த நீரைத் தனதென்று வைத்துக்கொள்ளாது, உருட்டிவிடும். நாம் எப்படி? மழைநாளில் மூட்டையில் ஏறிய ஈரமும் தராசில் எடையாகிறதே, அதற்குக் காசு வாங்கலாமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் கண்டார்கள். விற்றவர் மழையைக் காரணம் சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். நனைந்ததற்காக அவரைக் கண்டிக்கவில்லை, மறைத்ததற்காகவே கண்டித்தார்கள்.

மலைக்கடைகளில் ஈரக்காற்று ஓயாது. நனைந்த மூட்டையை, வாங்குபவர் கேட்குமுன் நீங்களே அவிழ்த்துக் காட்டுங்கள். ஈரத்திற்குரிய எடையைக் கழித்து விலை சொல்லுங்கள்.