மூணு அங்குலம்

எங்கள் சமையலறை 8 அடிக்கு 6 அடி. கையிலிருந்த 40 ஆயிரத்தில் அதைப் புதுப்பிக்க இறங்கினேன். டைல்ஸ் கடைக்காரரைக் கேட்டேன், மேஸ்திரியைக் கேட்டேன். கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரரும் யோசனை சொன்னார். 20 வருஷமாக அங்கே நின்று சமைக்கிறவளைக் கடைசியில்தான் கேட்டேன்.

‘‘மேடையை மூணு அங்குலம் இறக்க முடியுமாங்க?’’ என்றாள்.

அவள் உயரம் 4 அடி 10 அங்குலம். மேடை 34 அங்குலம். அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் குக்கர். தோளைத் தூக்கித்தான் கிளறணும். நானோ தோள்வலிக்குத் தைலம் வாங்கித் தந்ததோடு சரி!

1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துச் சின்ன வீடுகளுக்கு மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் இரண்டு மீட்டர்கூட இல்லை. அதற்குள்ளேயே, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழலும் ஸ்டூலுக்கு இடம் ஒதுக்கினார். இடமும் காசும் குறைவு என்றால் முதலில் வெட்டுப்படுவது வேலை செய்கிறவரின் சௌகரியமாகத்தான் இருக்கணுமா, என்ன?

மேடையை இடித்துக் கட்டினால் சுவர் முழுக்க டைல்ஸ் கிடையாது. ‘‘பரவாயில்லை, இடிங்க’’ என்றேன்.

மேஸ்திரி தயங்கினார். ‘‘உங்க உயரத்துக்கு ரொம்பக் குனியணுமே, சார்?’’

அவருக்கென்ன தெரியும், பாவம்! இத்தனை வருஷத்தில் நான் அந்த மேடைப் பக்கம் போனது, காபி டம்ளரை எடுக்க மட்டும்தான்.