கொடுத்த கையே எடுக்கும்

1986 மார்ச் 31 நள்ளிரவோடு பெருநகர லண்டன் மன்றம் இல்லாமல் போனது. 1965 முதல் மாநகர் முழுவதற்கும் பொறுப்பாக இருந்த மன்றம். உறுப்பினர்கள் மக்கள் வாக்களித்து வந்தவர்கள். போர், நெருக்கடி நிலை எதுவும் இல்லை. முந்தைய ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டம் போட்டது, அவ்வளவுதான்.

மன்றத்துக்கும் அரசுக்கும் இருந்த பகை ஊரறிந்தது. மன்றத் தலைவர் கென் லிவிங்ஸ்டன் இடதுசாரி. பிரதமர் மார்கரெட் தாட்சர். தேம்ஸ் நதியின் ஒரு கரையில் நாடாளுமன்றம், மறுகரையில் மன்றத்தின் கட்டடம். அதன் கூரையில், லண்டனில் வேலையில்லாதோர் எத்தனை பேர் என்று பெரிதாக எழுதி மாட்டி வைத்தார்கள். எதிர்க்கரைக்காரர்கள் பார்த்துத்தான் ஆக வேண்டும். குசும்புதான்! மன்றம் போன பிறகு 14 ஆண்டுகள் மாநகருக்கென்று தேர்ந்தெடுத்த ஆட்சி கிடையாது. 2000-இல் மேயர் பதவி வந்தது. அதற்கும் நாடாளுமன்றமே மனம் வைக்க வேண்டியிருந்தது. முதல் மேயராக வந்தவர் அதே லிவிங்ஸ்டன்.

பிரிட்டன் ஒற்றையாட்சி நாடு. அதனால்தான் இது முடிந்தது. ஒற்றையாட்சி என்றால் எல்லாவற்றையும் தலைநகரமே செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். ஜப்பானும் ஒற்றையாட்சி நாடுதான். அங்கே மாவட்டங்களின் ஆளுநர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டாட்சி பேசும் நம் நாட்டில் ஆளுநர் டெல்லியிலிருந்து வருகிறார். கூட்டாட்சியில் மத்திக்கும் மாநிலத்துக்கும் அரசியல் சட்டமே அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஒரு தரப்பு தன்னிச்சையாக அந்தப் பங்கீட்டை மாற்ற முடியாது. பிரிட்டனில் அப்படியொரு பங்குப் பத்திரம் இல்லை. கீழே இருக்கும் ஒவ்வொரு மன்றமும் லண்டன் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால் உயிர் வாழ்கிறது.

அதற்காகச் சட்டம் இடம் கொடுப்பதையெல்லாம் அரசியலில் செய்துவிட முடியாது. ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டுமென்று 1997 வாக்கெடுப்பில் சுமார் 74 சதவீதத்தினர் சொன்னார்கள். 1999-இல் அது எடின்பரோவில் கூடியது. ஸ்காட்லாந்து மக்களின் வாக்கெடுப்பு இல்லாமல் அதைக் கலைக்க மாட்டோம் என்று 2016-இல் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தையும் திருத்தும் அதிகாரம் லண்டனிடம்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் இத்தனை பேர் கேட்டு வாங்கியதில் கை வைக்க எந்தப் பிரதமரும் யோசிப்பார்.

மாகாணத்துக்கு அதிகாரம் வழங்கப்பட்டது என்று எங்கிருந்தாவது செய்தி வந்தால், பட்டியலின் நீளத்தை அப்புறம் பாருங்கள். அதைத் திரும்பப் பெற எத்தனை பேர் கை தூக்கினால் போதும் என்பதை முதலில் விசாரியுங்கள்.