யாருடைய மாம்பழம்?

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பஞ்சாபை ஆண்ட கிரேக்க மன்னன் மினாந்தர், பாலி நூலான மிலிந்த பஞ்ஹாவில் மிலிந்தனாக வந்து, பிக்கு நாகசேனரை மடக்கப் பார்க்கிறான். இறந்தவனே மறுபடி பிறப்பதில்லை என்றால், பழைய வினையிலிருந்து அவன் தப்பிவிட்டான் அல்லவா? நாகசேனர் ஒரு மாம்பழத் திருட்டைச் சொல்லி மறுக்கிறார். தோட்டக்காரன் நட்டது வேறு, நான் பறித்தது வேறு என்று திருடன் சொன்னால் அரசன் விடுவானா? விடமாட்டான், நட்டதிலிருந்துதானே பறித்தது வந்தது.

அந்தத் திருடனுக்கு மா சாகுபடி தெரிந்திருந்தால் இன்னும் அழுத்தமாக வாதாடியிருப்பான். மல்கோவாக் கொட்டையைப் போட்டால் மல்கோவா வருவதில்லை. இந்திய ரகங்கள் பெரும்பாலானவற்றில் கொட்டைக்கு ஒரே கரு (கேரளக் கடற்கரை ரகங்கள் சில விதிவிலக்கு). அதில் தாய்மரத்தின் பங்கு பாதி, மறுபாதி ஈக்கள் எந்த மரத்திலிருந்தோ கொண்டுவந்த மகரந்தம். ருசி மாறக்கூடாது என்றுதான் ஒட்டுக்கன்று வைக்கிறார்கள். உடல் மாறினாலும் ஆன்மா மாறாது என்பவர்களுக்கு ஒட்டுமரம் கச்சிதமான உவமை: வேர் இன்னொன்றுடையது, மேலே அதே பழைய மரம். நாகசேனர் எடுத்துக்கொண்டதோ கொட்டைக்கன்று. அவர் வாதத்தின் பலமே அதுதான். குணம் மாறிப்போன பழத்தின்மீதும் நட்டவனுக்கு உரிமை உண்டு என்று நாம் தயங்காமல் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே பொறுப்பு தொடர்வதற்கு, மாறாத ஏதோ ஒன்று உள்ளே இருந்தாக வேண்டியதில்லை, தொடர்ச்சி போதும்.

தொடர்ச்சி போதுமென்றால், மகரந்தம் தந்த பக்கத்துத் தோப்புக்காரனும் பங்கு கேட்கலாமே? விதை மூலகாரணம், மற்றவை துணைக்காரணம் என்று பௌத்தர்கள் பிரிப்பார்கள். அந்தப் பிரிவு பொய்யல்ல. மழை ஓயாத வெப்பமண்டல ஊரில் மா தளிர்த்துக்கொண்டே இருக்கும், சரியாகப் பூக்காது. சில வாரமாவது மண் காய வேண்டும். அதற்காகக் கோடைக்குப் பழத்தில் யாரும் பங்கு வைப்பதில்லை. ஆனால் மகரந்தம் வெயிலைப் போன்றதல்ல, அது பாதி விதை. இங்கே உவமை தடுமாறுகிறது என்றே நினைக்கிறேன். தோட்டக்காரனை வெல்ல வைத்தது விதை மட்டுமல்ல, அரசன் அங்கீகரித்த வேலியும்தான். வினைக்கு வேலி ஏது? ஒருவர் வினையின் பலன் இன்னொருவருக்குச் சேராது என்னும் தேரவாத பௌத்தமே, இலங்கையிலும் தாய்லாந்திலும் இறந்த உறவினருக்குப் புண்ணியம் பகிரும் சடங்கை விடாமல் நடத்துகிறது. பெறுபவர் மகிழ்ந்து ஏற்பதே அவருடைய சொந்த நல்வினை என்று விளக்கம் சொல்லிக் கணக்கை நேர்செய்கிறார்கள். பக்கத்துத் தோப்புக்காரன் அதை ஒப்புக்கொள்வானா என்பது சந்தேகம்தான்.