ஒரே மான்: அசைவூட்டக் கல்வியும் கணபங்க வாதமும்

ஒரு பொருள் ஒரு கணத்தைக் கடந்து மறுகணத்திலும் அதே பொருளாக நிலைக்கிறதா, அல்லது கணந்தோறும் புதிதாகத் தோன்றி அழியும் நிகழ்ச்சிகளின் தொடரை மனம் ஒரே பொருளெனக் கொள்கிறதா என்னும் வினா, பௌத்தர்களுக்கும் அவர்களை மறுத்த சமயத்தார்க்கும் இடையே பல நூற்றாண்டுகள் நீடித்த வழக்காகும். எல்லாப் பொருளும் கணத்தில் தோன்றிக் கணத்தில் அழிவன என்னும் பௌத்தக் கொள்கை கணபங்க வாதம் எனப்படும். நூல்களில் மட்டுமே நிகழ்ந்ததாகத் தோன்றும் இவ்வழக்கு, அனிமேஷன் என வழங்கும் அசைவூட்டக் கலையைப் பயிலும் மாணவரின் வரைமேசையில் நாள்தோறும் கைவேலையாகவே எழுகிறது. அவருடைய வளர்ச்சியை, அவர் எத்தனை கருவிகளைக் கையாளக் கற்றார் என்பதைவிட, இவ்வினாவை எவ்வளவு ஆழமாக எதிர்கொண்டார் என்பதைக்கொண்டு அளப்பதே பொருத்தமானது.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது அசைவற்ற 24 படங்கள், ஓடுகின்றன. கையால் வரையும் மரபில் ஒவ்வொரு வரைபடத்தையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படங்களைக்கொண்டே பெரும்பாலான அசைவுகளை உருவாக்குவர். தொடக்கநிலை மாணவருக்குத் தரப்படும் முதற்பயிற்சி துள்ளும் பந்து. வட்டம் வரையத் தெரிந்த எவரும் இதைச் செய்துவிடலாம் என்று எண்ணி அவர் வட்டங்களைச் சம இடைவெளியில் அடுக்கும்போது, திரையில் பந்து எடையற்று மிதக்கிறது. உச்சியில் வேகம் குறைவதால் அங்கே படங்கள் நெருங்கியும், தரையை நோக்கி விரைவதால் கீழே அகன்றும் அமைய வேண்டும் என்பதையும், தரையில் மோதி நசுங்கும்போது பந்தின் பருமன் மாறக்கூடாது என்பதையும் அறிந்த பிறகே அது பந்தாகிறது. மோதி நசுங்கும் படம் தவிர ஒவ்வொரு வட்டமும் முன்போலவே இருக்க, அவற்றின் இடைவெளிகள் மட்டுமே மாறியிருக்கின்றன. எடை என்பது எந்தப் படத்திலும் வரையப்படாமல், படங்களுக்கு இடையில் பிறக்கும் ஒன்று என்பதை மாணவர் தம் கையாலேயே அறிந்துகொள்ளும் இடம் இது.

இந்த அசைவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை எளிதன்று. ஒளி கண்ணில் சிறிது நேரம் தங்குவதால் அசைவு தோன்றுகிறது என்று பாடநூல்கள் சில இன்றும் கூறுவது போதாது. தங்கும் ஒளி படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பும், அசைவைத் தராது. இருவேறு இடங்களில் அடுத்தடுத்துத் தோன்றி மறையும் இரண்டு கோடுகளை, ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு நகர்வதாகவே மனிதர் காண்கின்றனர் என்பதை 1912இல் வெளியிட்ட ஆய்வில் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் காட்டினார். பௌத்த ஆசான் நாகார்ச்சுனரோ தம் மூலமத்தியமக காரிகையின் இரண்டாம் இயலில், நடந்து முடிந்த வழியில் நடை இல்லை, இனி நடக்கவேண்டிய வழியிலும் இல்லை, இவ்விரண்டையும் நீக்கினால் நடக்கப்படும் வழி என்று தனியாக ஒன்று அகப்படாது என்று வாதிடுகிறார். இரண்டு முதன்மை வரைபடங்களுக்கு இடையே இடைப்படங்களை நிரப்பும் மாணவர், எத்தனை படங்களைச் செருகினாலும் அவை ஒவ்வொன்றும் அசைவற்றதாகவே இருப்பதைக் கண்டு இதே முட்டுச்சந்துக்கு வந்து சேர்கிறார். இம்முட்டுச்சந்தை வேறு கோணத்தில் கண்ட பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பெர்க்சன் 1907இல் வெளிவந்த ‘படைப்புப் பரிணாமம்’ என்னும் நூலில், அசைவின்மைகளை அடுக்கி அசைவை உண்டாக்க முடியாது என்றும், சினிமாக் கருவியைப்போல் உலகைத் துண்டுபடுத்தும் பழக்கமே அறிவின் குறை என்றும் கருதினார். பெர்க்சனின் கண்டனம் கூரியதே. ஆயினும், இடைவெளியை அமைப்பதில் அடங்கியுள்ள அறிவை அவர் கருத்தில் கொள்ளவில்லை. கருவி துண்டுபடுத்துவது உண்மையே எனினும், அத்துண்டுகளை வரைபவர் ஒவ்வொன்றையும் அடுத்ததன் காரணமாக அமைக்கிறார்.

காரணம் என்னும் இச்சொல்லே கணபங்க வாதத்தின் உயிர்நிலை. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தருமகீர்த்தி, விளைவை உண்டாக்கும் ஆற்றலே மெய்ப்பொருளின் இலக்கணம் என்றார். அவர் மரபின்படி, கணங்களை இணைக்க அவற்றினூடே ஓடும் மாறாத பொருள் தேவையில்லை. முந்தைய கணம் பிந்தைய கணத்தைப் பிறப்பிப்பதே போதும். இவ்வாறு அமையும் காரணத் தொடரைச் சந்தானம் என்பர்.

பந்தைவிட்டு உயிருள்ள பாத்திரத்துக்கு வரும்போது வினா கடுமையாகிறது. ஒரு பாத்திரம் பலருடைய கையால் ஆயிரக்கணக்கான முறை வரையப்படுவதால், அதன் முன், பக்க, பின் தோற்றங்களையும் உடல் அளவுகளையும் காட்டும் மாடல் ஷீட் என்னும் வரைவுத்தாளைத் தயாரிக்க மாணவர் கற்கிறார். அத்தாளைப் பிசகாமல் பின்பற்றினால் பாத்திரம் ஒன்றாகவே நிலைக்கும் என்று அவர் முதலில் நம்புகிறார். ஆனால் தாளை அப்படியே படியெடுத்த படங்களில் உருவம் மாறாதிருக்க, பாத்திரம் காணாமற்போவதும், ஓட்டத்தின் நடுவே தாளின் அளவுகளை மீறி நீட்டியும் வளைத்தும் வரைந்த படங்களில் அது முழுமையாக விளங்குவதும் பயிற்சியில் தெரியவருகின்றன. அப்படியானால் ஒருமை உருவில் இல்லை. எதைக் கண்டு அஞ்சும், எதற்காகத் தயங்கும், எந்த நொடியில் முடிவெடுக்கும் என்னும் செயல்முறையில் இருக்கிறது.

இந்தியாவில் இக்கலை முறையாகக் கற்பிக்கப்பட்ட தொடக்கத்திலேயே இவ்வினாவுக்குப் பொருந்திய கதை அமைந்தது குறிப்பிடத்தக்கது. டிஸ்னி நிறுவனத்தில் ‘பாம்பி’ என்னும் மான்குட்டியின் படத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், 1956இல் அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் மும்பையிலுள்ள ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து இளங்கலைஞர்களைப் பயிற்றுவித்தார். பின்னாளில் இந்திய அசைவூட்டத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்ட ராம் மோகன் அங்கே பயின்றவர்களுள் ஒருவர். அப்பயிற்சியின் பயனாக 1957இல் உருவான ‘தி பேனியன் டீர்’ என்னும் குறும்படம், அஜந்தா ஓவியங்களின் பாணியைத் தழுவி, நிக்ரோத மிக ஜாதகக் கதையைச் சொன்னது. நிக்ரோதம் ஆலமரம், ஜாதகம் புத்தரின் முற்பிறப்புக் கதை.

அக்கதையில், காசி மன்னனின் உணவுக்கு இரு மான்கூட்டங்கள் நாளுக்கொன்றாக முறைவைத்துத் தம்மில் ஒன்றை அனுப்பி வருகின்றன. முறை வந்த சினைமான், ஈன்ற பின் வருவதாக வேண்டியும், அதன் தலைவனான சாகன் மறுத்துவிட, மற்றொரு கூட்டத்தின் தலைவனான நிக்ரோதன் அதற்கு மாற்றாகத் தானே சென்று வெட்டுமரத்தில் தலையை வைக்கிறான். வியந்த மன்னன் அவ்விருவரையும் விடுவிக்க, நிக்ரோதன் ஏனைய மான்களுக்கும், பிற விலங்கு, பறவை, மீன்களுக்கும் அபயம் வேண்டிப் பெற்ற பிறகே எழுகிறான். கதையின் இறுதியில் புத்தர், அந்த நிக்ரோதன் தாமே என்றும், சாகன் தம்மை எதிர்த்த தேவதத்தன் என்றும் கூறுகிறார்.

நிலையான ஆன்மா இல்லை என்று போதித்தவர் ‘அந்த மான் தாமே’ என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? மானுக்கும் முனிவருக்கும் பொதுவான கோடு ஒன்றுகூட இல்லை. இருவரையும் ஒரே மாடல் ஷீட்டில் அடக்க எந்த ஓவியராலும் இயலாது. பிறர் துன்பத்தைத் தன்மேல் ஏற்கும் அந்தச் செயலும், அது விளைத்த விளைவுகளின் இடையறாத ஓட்டமுமே இருவரையும் இணைப்பன என்பதே பௌத்தத்தின் விடையாகும். பாத்திர வடிவமைப்பில் மாணவர் கடைசியாகக் கற்கும் பாடமும் இதுவே. மானின் கொம்பையும் கண்ணையும் எவ்வளவு அழகாக வரைந்தாலும், அது வெட்டுமரத்தை நோக்கி வைக்கும் அடிகளின் நிதானம் அமையாவிட்டால் நிக்ரோதன் திரையில் தோன்றமாட்டான்.

தமிழில் இக்கொள்கைக்கு எழுந்த மறுப்புகள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. சமண நூலாகிய நீலகேசியும், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சைவ சித்தாந்த ஆசான் அருணந்தி சிவாசாரியார் பௌத்தரின் நான்கு பிரிவினரையும் மறுத்துரைக்கும் சிவஞான சித்தியார் பரபக்கமும் இவ்வழக்கில் முதன்மையானவை. கணந்தோறும் அழியும் உணர்வு முன் கண்டதை மீண்டும் எவ்வாறு நினைக்கும், வினை செய்தவன் ஒருவனாகவும் பயன் நுகர்பவன் வேறொருவனாகவும் ஆகாதோ என்பது மறுப்பின் சாரம். அரக்குச் சாறு ஊட்டிய பருத்தி விதையின் செம்மை அதன் பஞ்சில் தோன்றுவதுபோல, முன்கணத்தின் பதிவு பின்கணத்தில் தோன்றும் என்பது பௌத்தர் கூறும் மறுமொழி. திரையில் ஓடும் உருவத்துக்கு இம்மறுமொழி போதும். அங்கே மானுக்குள் யாரும் இல்லை, காரணத்தால் கோத்த படங்களே உள்ளன. வரைபவருக்கோ அது போதவில்லை. மாணவர் தம் பழைய பந்துப் பயிற்சியை ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்து, இது பிழை, இதை வரைந்தது தம் கையே, இனித் தாமே திருத்தவேண்டும் என்று உணரும்போது, அந்த உணர்வில் பதிவு மட்டுமன்றிப் பொறுப்பும் இருக்கிறது. விதை, தன் செம்மைக்குத் தான் பொறுப்பென்று ஒருபோதும் எண்ணாது. இந்த இடத்தில் அருணந்தியாரின் வாதமே வலியது. படைக்கப்பட்ட உருவத்தின் ஒருமையைப் பௌத்தமும், படைப்பவரின் ஒருமையைச் சைவ சித்தாந்தமும் சிறப்பாக விளக்குகின்றன என்பதே இவ்வாய்வு கொள்ளும் முடிபு.

காட்சிகளைச் சிறு கட்டங்களாக வரிசைப்படுத்தும் ஸ்டோரிபோர்டுக்கு மாணவர் வந்து சேரும்போது இவ்விரண்டும் ஒருங்கே தேவைப்படுகின்றன: ஒரு காட்சி அடுத்த காட்சியைப் பிறப்பிக்க வேண்டும், அவ்வாறு பிறப்பித்ததற்கு வரைந்தவர் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். இடைப்படங்களைக் கணினியே கணக்கிட்டு நிரப்பும் இக்காலத்தில், மென்பொருளின் கட்டளைகளை முதல் நாளிலேயே ஒப்பித்துக் கற்கும் மாணவர், எடை எங்கே பிறக்கிறது என்பதை அறியாமலே படிப்பை முடித்துவிடக்கூடும். அசைவூட்டம் கற்பிக்கும் நிறுவனங்கள் முதற்பருவத்தில் தாளும் பென்சிலும் துள்ளும் பந்தும் கொடுத்து, அதனுடன் நிக்ரோத மானின் கதையையும் பரபக்கத்தின் மறுப்பையும் மாணவர் படித்து விவாதிக்க வழிசெய்ய வேண்டும்.